உப்பு தின்ற ரேகை

இ.சி.ஆர்-ல பாண்டிச்சேரிக்கு பைக் விட்ட காலேஜ் கேங்குக்கெல்லாம் மரக்காணம் தெரியும். ரோட்டோரம் கட்டம் கட்டமா தண்ணி, நடுநடுவே வெள்ளை வெள்ளையாக் குவியல். வண்டியை ஓரங்கட்டி நாலு போட்டோ, அதுல ரெண்டு ஸ்டேட்டஸ், அப்புறம் கிளம்பிடுவோம். மத்தியானம் கேன்டீன் சாம்பார்ல உப்பு கம்மின்னு கத்துறப்போகூட அந்தக் குவியல் ஞாபகத்துக்கு வராது.

அந்த உப்பை வாருற கைகளைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. குறிப்பா, அந்தக் கைகளோட ரேகையைப் பத்தி.

பணம், டெக்னாலஜி, கண்காணிப்பு... இந்த மூணும் ஒண்ணு சேர்ந்தா மனுஷனோட சுதந்திரம் என்ன ஆகும்? இதை ஏ.சி. ஹால்ல உட்கார்ந்து பவர் பாயின்ட் போட்டுப் பேசலாம். ஆனா, உப்பு இதே கதையை ரெண்டு நூற்றாண்டா சொல்லிக்கிட்டு இருக்கு. நாமதான் காது கொடுக்கலை.

பூட்டுப் போட்ட கடல்

உப்பு எடுக்கிறது கேட்க ரொம்ப சிம்பிள். உப்புத்தண்ணியைப் பாத்திகள்ல பாய்ச்சி, வெயில்ல விட்டு, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாத்தி மாத்தித் தண்ணியோட அடர்த்தியை ஏத்தணும். நம்ம லேப்ல இருக்கிற ஹைட்ரோமீட்டர்ல 'பாமே' அளவு சுமார் 25 டிகிரி தொட்டதும் உப்பு படிய ஆரம்பிக்கும். படிஞ்ச உப்பைப் பலகையால வாரிக் கரையில குவிக்கணும். ஃபார்முலா அவ்வளவுதான். அந்த ஃபார்முலாவுல வராத ஒரே விஷயம், வெறுங்காலோட உப்புத்தண்ணியில நிக்கிற மனுஷங்க.

சூரியன் இலவசம், கடல் இலவசம். அப்போ உப்பும் கிட்டத்தட்ட இலவசமாத்தானே இருக்கணும்? இங்கேதான் பணம் உள்ளே வருது.

உப்பு இல்லாம யாராலும் இருக்க முடியாது. அரிசி விலை ஏறினா கேழ்வரகுக்கு மாறலாம், உப்புக்கு மாற்று கிடையாது. அதனால வரி போடறதுக்கு உப்பை மாதிரி வசதியான பொருள் வேற இல்லை. ஜமீன்தாரும் தின்னுவார், கூலிக்காரரும் தின்னுவார். ஆனா கூலிக்காரர் வருமானத்துல அந்த வரி எடுத்துக்கிட்ட பங்கு ரொம்பப் பெரிசு. கிழக்கிந்தியக் கம்பெனி 1805-ல சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. 1889-ல் சென்னை மாகாணத்துக்கென்றே தனி உப்புச் சட்டம் வந்தது. தன் ஊர்க் கடற்கரையில் தானே படிஞ்சு கிடக்கிற உப்பை அள்ளினாலும் அது குற்றம்!

சட்டம் போட்டா மட்டும் போதுமா? கடற்கரை நீளம் கொஞ்சமா நஞ்சமா? அள்ளுறவங்களைப் பிடிக்க ஆள் வேணும். உப்பளத்தைச் சுத்திக் காவல், குவியலுக்குக் கணக்கு, எடை போட ஒருத்தர், அனுமதிச் சீட்டு பார்க்க இன்னொருத்தர். வட இந்தியாவில் இது உச்சத்துக்கே போச்சு. உப்பு கடத்தலைத் தடுக்க, பஞ்சாபிலிருந்து ஒரிசா வரைக்கும் சுங்கக் கோடு போட்டு, அதுல ஒரு பெரும்பகுதிக்கு முள்வேலியை உயிரோட வளர்த்தாங்க. கோட்டோட நீளம் சுமார் 4,000 கிலோமீட்டர். காவலுக்குப் பன்னிரண்டாயிரம் பேருக்கும் மேலே. 1879-ல்தான் அந்தக் கோட்டைக் கைவிட்டாங்க. 1860-களோட கடைசியில் அந்த வேலியைப் பெரிசா வளர்த்த சுங்க ஆணையர் யார் தெரியுமா? ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பின்னாளில், 1885-ல், காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராக நம்ம ஸ்கூல் புத்தகத்துல வந்தாரே, அதே ஹியூம்தான்!

இதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா? வரியைக் கைவிடலை, வேலியைத்தான் கைவிட்டாங்க. உப்பு விளையற இடத்தையே பிடியில வெச்சுக்கிட்டா, வழியெல்லாம் காவல் எதுக்கு? கண்காணிப்பு குறையலை, செலவு கம்மியான முறைக்கு மாறிடுச்சு. இன்னிக்கும் அதே லாஜிக்தான்.

வியாபாரி குற்றவாளி ஆன கதை

கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு யார் கொண்டு போனாங்க? மரக்காணத்தைச் சிறுபாணாற்றுப்படையில் வர்ற எயிற்பட்டினம்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. அந்தச் சங்க காலத்தில் வண்டி கட்டி உப்பு வித்தவங்களுக்கு உமணர்னு பேர். பல நூற்றாண்டு கழிச்சு, பிரிட்டிஷ் காலத்துச் சென்னை மாகாணத்தில், மாட்டு மேலேயும் கழுதை மேலேயும் உப்பு மூட்டை ஏத்தி ஊர் ஊராகப் போனவங்கள்ல முக்கியமானவங்க உப்புக் குறவர்கள். உப்பைக் கொடுத்துத் தானியம் வாங்கி, தானியத்தை இன்னொரு ஊருல மாத்தி... நடமாடும் சூப்பர் மார்க்கெட் அவங்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல அவங்க தலையில ரெண்டு இடி விழுந்தது. ஒண்ணு உப்புக் கொள்கை. சரக்கு விலை எகிறிடுச்சு. ரெண்டாவது டெக்னாலஜி. ரயில் வந்துடுச்சு. மாடு பத்து நாள்ல கொண்டு போனதை ரயில் ஒரே நாள்ல கொண்டு போச்சு. தொழில் போனவங்க ஊர் ஊரா அலையறது மட்டும் நிக்கலை. அதுவே அரசாங்கத்துக்குச் சந்தேகமாச்சு. 1871-ல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களில் பல பிரிவினர் அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்டார்கள். வரலாற்று ஆய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா 2001-ல் வெளியிட்ட ஒரு புத்தகம் முழுக்கவே இந்தக் கதைதான். உப்பு வித்தவங்க எப்படிப் பிறவிக் குற்றவாளிகள்னு முத்திரை குத்தப்பட்டாங்க என்கிற கதை.

பட்டியல்ல பேர் வந்தா என்ன ஆகும்? ரேகை கொடுக்கணும். போலீஸ்ல போய் ஆஜராகணும். ஊரை விட்டுப் போகணும்னா சீட்டு வாங்கணும். பலரைக் குடும்பத்தோட தனிக் குடியிருப்புகள்ல அடைச்சாங்க. இதைவிடப் பயங்கரம், 1871 சட்டத்துல இருந்த ஒரு பிரிவு. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரைன்னு அறிவிச்சுட்டா, அந்த அறிவிப்பு சரியா தப்பான்னு எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது!

இந்த வரியை மனசுல ஓரமா வெச்சுக்குங்க. நம்ம கதையோட மையமே இதுதான்.

1920 ஏப்ரல் 3. மதுரை மாவட்டம் உசிலம்பட்டி பக்கத்துல பெருங்காமநல்லூர். கைரேகைச் சட்டத்தை ஏத்துக்க மாட்டோம்னு திரண்ட பிரமலைக் கள்ளர் மக்கள் மேல போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்துப் போனாங்க. விரல்ல மை தடவ மறுத்ததுக்கு உயிர் விலை. சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947-ல் நீக்கப்பட்டது. நாடு முழுக்க ஒழிய 1952 வரைக்கும் ஆச்சு.

ரேகையோட ஜாதகம்

நம்ம இன்ஜினீயரிங் மூளைக்குக் கொஞ்சம் தீனி. நிர்வாக வேலைக்குக் கைரேகையைப் பயன்படுத்துறது பிறந்தது நம்ம நாட்டுலதான். 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ரோட்டுக்குச் சரளைக்கல் சப்ளை பண்ண வந்த ராஜ்யதர் கோனாய் என்பவரோட கையை மையில் தோய்ச்சு ஒப்பந்தப் பத்திரத்துல பதிய வெச்சார். நாளைக்கு 'இது என் கையெழுத்தே இல்லை'ன்னு அவர் மாறிப் பேசக் கூடாதாம். ஆக, ஆரம்பமே பண விவகாரம்தான்!

1897-ல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் வந்தது. ரேகைகளை 1,024 அறைகளாகப் பிரிச்சுத் தேடுற முறைக்குக் கணக்குப் போட்டவங்க அஜிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற ரெண்டு இந்திய சப்-இன்ஸ்பெக்டர்கள். நம்ம பாஷையில சொன்னா, அருமையான இன்டெக்ஸிங்! ஆனா உலகம் பூரா அந்த முறைக்குப் பேர் 'ஹென்றி முறை'. அவங்க மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியோட பேர். கிரெடிட் யாருக்குப் போகும்கிறது அப்பவே அப்படித்தான்.

இதுல மாயாஜாலம் ஒண்ணும் இல்லை. ரேகை நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஒப்பந்தத்துக்கு வந்தது, போலீஸுக்குப் போச்சு, நூறு வருஷம் கழிச்சு ரேஷன் கடைக்கு வந்து நிக்குது.

கிளையில் தொங்கிய சோறு

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஸ்டாப், 1930. காந்தி தண்டியில் உப்பு எடுத்த ஒரு வாரத்தில், ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினார். கூட ஏறத்தாழ நூறு தொண்டர்கள். தஞ்சாவூர் கலெக்டர் ஜே.ஏ. தார்ன் செம கில்லாடி. நடக்கிறவங்களைத் தொடவே இல்லை. அவங்களுக்குச் சோறு போடறவங்களுக்கும் தங்க இடம் கொடுக்கறவங்களுக்கும் ஜெயில்னு எச்சரிச்சார். ஒரு மனுஷனை முடக்க அவனைக் கட்டிப் போட வேண்டியதில்லை. அவனோட பழகுறவங்களைப் பயமுறுத்தினாலே போதும்.

மக்கள் என்ன பண்ணாங்க? சோத்துப் பொட்டலத்தை வழியில மரக்கிளைகள்ல கட்டி வெச்சுட்டுப் போயிட்டாங்கன்னு இன்னிக்கும் அந்தப் பக்கம் சொல்றாங்க. சோறு போட்டது யாரு? மரம்! மரத்தைக் கைது பண்ண முடியுமா?

அந்த வழி திறந்ததுக்குக் காரணம், கலெக்டரோட கண்ணு எட்டாத ஒரு சின்ன இடைவெளி இருந்தது. ஒவ்வொரு மரத்துலயும் கேமரா இருந்திருந்தா? பொட்டலம் வாங்கின காசு யாரோட போன்ல இருந்து போச்சுன்னு பதிவு இருந்திருந்தா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உப்பு வரி 1947 ஏப்ரலில் ஒழிஞ்சது. அது ஒழிய, அந்தச் சின்ன இடைவெளியும் உதவி இருக்கு.

'நீங்க நீங்க இல்லை'

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். ஆதார் ஆணையம் 2009-ல் வந்தது. முதல் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிராவின் டெம்ப்ளி கிராமத்தில் கொடுக்கப்பட்டது. பத்து விரல், ரெண்டு கருவிழி, ஒரு முகம், 12 இலக்கம். தமிழ்நாட்டுல 2017-ல் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் ரேஷன் கடைகள்ல விரல் ரேகை வைக்கிற மிஷின் வந்தது.

உப்பளத்துல வருஷக்கணக்கா வேலை பார்த்த ஒரு அக்காவை நினைச்சுக்குங்க. காலையில வெயிலுக்கு முன்னாடி ஆரம்பிச்சு, கையும் காலும் உப்புத்தண்ணியில. தோல் தடிச்சு, வெடிச்சு, ரேகை தேய்ஞ்சு போயிருக்கும். வயசானவங்களுக்கும், கல்லு, மண்ணு, சிமென்ட்டோட மல்லுக்கட்டுறவங்களுக்கும் இதே பிரச்னை. இப்படிப்பட்ட கை மிஷின்ல பட்டால் என்ன வரும்? 'பொருந்தவில்லை'. அதாவது, நீங்க நீங்க இல்லை!

நம்ம பாடத்துல இதுக்குப் பேர் 'ஃபால்ஸ் ரிஜெக்ஷன்'. சரியான ஆளைத் தப்பான ஆள்னு மிஷின் தள்ளுறது. எந்த பயோமெட்ரிக் முறையிலும் இது பூஜ்யமாகவே ஆகாது. பரீட்சையில நாம எழுதறப்போ அது வெறும் சதவிகிதம். ஆனா அந்தச் சதவிகிதம் எல்லார் மேலேயும் சமமா விழறதில்லை. கீபோர்டு தட்டுற விரல் தப்பிச்சிடும். உப்பு வாருற விரல் மாட்டிக்கும். உழைச்ச கைக்குத்தான் தண்டனை. இது எந்த ஊர் நியாயம்?

தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. இங்கே விரல் பதியலைன்னா போனுக்கு ஓ.டி.பி. அனுப்புறது, கையெழுத்து வாங்கிக்கிட்டுப் பொருளைக் கொடுக்கிறதுன்னு மாற்று வழிகளை வெச்சாங்க. பிறகு கருவிழி பார்க்கிற கருவிகளும் வந்தது. அந்த மாற்று வழி இல்லாத இடத்துல என்ன ஆச்சுன்னு ஜார்க்கண்ட்ல பார்த்தோம். 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் ஒரு 11 வயசுச் சிறுமி இறந்து போனாள். ஆதாரோட இணைக்கலைன்னு ரேஷன் கார்டு ரத்தாகி, மாசக்கணக்கா அரிசி வரலை, பசியில போயிட்டானு குடும்பம் சொன்னது. மலேரியான்னு அரசுத் தரப்பு சொன்னது. கார்டு ரத்தானது மட்டும் ரெண்டு தரப்புக்கும் பொதுவான உண்மை.

அதே வருஷம் ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை அடிப்படை உரிமைதான்னு சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னாங்க. வழக்குப் போட்டவர் கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. அந்தத் தீர்ப்புக்குப் பாதை போட்ட பழைய வழக்குகளில் ஒண்ணு நம்ம ஊருது. ஆட்டோ சங்கர் சுயசரிதை விவகாரத்தில் நக்கீரன் கோபால் போட்ட வழக்கில் 1994-ல் வந்த தீர்ப்பு. ஒருத்தரோட அந்தரங்கத்தை மதிக்கணும், ஆனா அதிகாரிகள் தங்களைப் பத்தி எழுதறதை முன்கூட்டியே தடுக்க முடியாதுன்னு சொன்ன தீர்ப்பு அது. சாதாரண ஆளுக்குத் திரை, அதிகாரத்துக்கு வெளிச்சம். எவ்வளவு அழகான பிரிவினை!

2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில், அரசு நலத்திட்டத்துக்கு ஆதார் கேட்கலாம், தனியார் கம்பெனிகள் கட்டாயப்படுத்த முடியாதுன்னு நாலு நீதிபதிகள் சொன்னாங்க. ஒரு நீதிபதி, சந்திரசூட், சட்டமே செல்லாதுன்னு மாறுபட்டார்.

கேமரா பார்த்தது, யாரை?

உப்பளத்துல மழை மாசம் வந்தா வேலை நின்னு போகும். அந்த மாதிரி நேரத்துல கிராமத்துக் குடும்பங்கள் எட்டிப் பார்க்கக் கூடிய இன்னொரு வழியா நூறு நாள் வேலை இருந்தது. அங்கே 2021-ல் ஒரு ஆப் வந்தது. 2023 ஜனவரியிலிருந்து எல்லா வேலை இடத்துக்கும் கட்டாயம். தினம் ரெண்டு தடவை தொழிலாளர்களை நிக்க வெச்சுப் போட்டோ எடுத்து, இடத்தோட பதிவு பண்ணி ஏத்தணும். சிக்னல் இல்லைன்னா? ரெண்டாவது போட்டோ ஏறலைன்னா? வேலை செஞ்சும் கூலி தொங்கலில். 2024 ஜனவரியிலிருந்து சம்பளமும் ஆதார் இணைச்ச கணக்குக்கு மட்டும்தான்னு ஆச்சு.

சரி, திருட்டாவது நின்னுச்சா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பிச்சு. சம்பந்தமே இல்லாத போட்டோவை ஏத்துறாங்க, போட்டோவையே மறுபடி போட்டோ எடுத்து ஏத்துறாங்கன்னு பட்டியல் போட்டு, இனிமே போட்டோக்களை ஆள் வெச்சுச் சரிபாருங்கன்னு சொன்னது. வெயில்ல நின்ன அக்காவைக் கேமரா பார்த்தது. கணக்கு எழுதுறவரைப் பார்க்கலை! 2005-ல் வந்த அந்தச் சட்டத்தோட இடத்துல 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேற சட்டத்தை நிறைவேத்திடுச்சு. அதிலும் பயோமெட்ரிக், ஏ.ஐ. கண்காணிப்புக்கு இடம் இருக்கு.

இதுக்காக டெக்னாலஜியே வேண்டாம்னு சொன்னா அதுவும் பொய். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கின மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்குங்க. மாசம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களோட கணக்குக்கு நேரா போச்சு. இடையில் கை நீட்ட ஆள் இல்லை. வீட்டுக்காரரையோ, வேற யாரையோ கேட்காம ஒரு அம்மா செலவு பண்ற ஆயிரம் ரூபாய்க்குப் பேர் சுதந்திரம்தானே? ஆனா அதுவும் டேட்டாவை வெச்சுத்தான் ஆளைப் பிரிச்சது. வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல கரன்ட் ஓடினால் கிடையாது, வீட்டுல கார் இருந்தால் கிடையாது. உங்க வீட்டு ஈ.பி. மீட்டர் உங்களைப் பத்தி வாக்குமூலம் கொடுக்குது! வித்தியாசம் என்னன்னா, நிராகரிக்கப்பட்டவங்க 30 நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம்னு ஒரு ஜன்னலைத் திறந்து வெச்சாங்க. 2022-ல் உப்பளத் தொழிலாளர்களுக்குன்னு அறிமுகமான 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்துக்கும் நாம கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பட்டியல்ல பேர் விட்டுப் போனவங்க தட்டறதுக்குக் கதவு எங்கே?

பாக்கெட்டுக்குள்ள ஒரு வட்டிக்கடை

'இதெல்லாம் ஏழைங்க பிரச்னை, நமக்கென்ன பாஸ்'னு ஹாஸ்டல் பெட்ல புரண்டு படுக்கிறவங்களே, எந்திரிங்க. உங்க கதையும் இருக்கு.

2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது. அதே வருஷம் நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமப் போச்சு. நாட்டுல புழங்கின பணத்தோட மதிப்பில் 86 சதவிகிதம். 2025 ஆகஸ்டில் ஒரே மாசத்துல 2,000 கோடி யு.பி.ஐ. பரிவர்த்தனைகள். டீக்கடையில சில்லறைச் சண்டை ஒழிஞ்சுது, சந்தோஷம். ஆனா நோட்டுக்கு ஞாபகசக்தி கிடையாது. போனுக்கு உண்டு. எந்த டீக்கடை, எத்தனை மணி, யாரோட... எல்லாம் பதிவு.

அடுத்தது உடனடிக் கடன் ஆப். அஞ்சே நிமிஷத்துல அஞ்சாயிரம். பேப்பர் இல்லை, ஜாமீன் இல்லை. இன்ஸ்டால் பண்றப்போ ஒரே ஒரு 'அலோ' பட்டன். அதுல காண்டாக்ட்ஸ், கேலரி எல்லாம் அடமானம். தவணை தவறினா அம்மாவுக்கும், ஹெச்.ஓ.டி-க்கும், ஸ்கூல் ஃப்ரெண்டுக்கும் போன், மார்ஃபிங் பண்ணின போட்டோ. இந்த அவமானம் தாங்காம நாட்டுல பல இடங்கள்ல உயிரை விட்டிருக்காங்க. 2022 செப்டம்பரில்தான், கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸையும் கால் லாக்கையும் தொடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி போட்டது. 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் கட்டாயக் கடன் வசூலுக்கு எதிரான மசோதாவை நிறைவேத்துச்சு.

தஞ்சாவூர் கலெக்டரோட டெக்னிக் ஞாபகம் இருக்கா? ஆளைத் தொடாதே, அவனைச் சுத்தி இருக்கிறவங்களைத் தொடு. 1930-ல் அதுக்கு ஒரு கலெக்டரும் போலீஸ் படையும் தேவைப்பட்டது. இப்போ ஒரு ஏ.பி.கே. ஃபைல் போதும்.

கையில் இருக்கட்டும்!

* ரேஷன் கடையில் விரல் பதியலைன்னு திருப்பி அனுப்பினா, தமிழ்நாட்டு உணவுப்பொருள் வழங்கல் உதவி எண் 1967.

* எம்-ஆதார் ஆப்ல உங்க பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். உங்க ஆதார் எப்போ, எதுக்குச் சரிபார்க்கப்பட்டதுன்னு வரலாறும் பார்க்கலாம்.

* ஆன்லைன் பண மோசடின்னா உடனே கூப்பிட வேண்டிய சைபர் கிரைம் எண் 1930. ஆமா, உப்பு சத்தியாகிரகம் நடந்த அதே வருஷம்! மறக்கவே மறக்காது.

* தகவல் அறியும் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள் கெடு.

கண்ணாடியைத் திருப்பு

கண்காணிப்பு எப்பவுமே மேலேயிருந்து கீழேதானா? இல்லை. திருப்பிக் காட்டினவங்களும் உண்டு. ராஜஸ்தான்ல 1990-களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்போட கிராமத்து ஜனங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். எங்க பேர்ல எழுதின கூலிப் பட்டியலை எங்களுக்குக் காட்டுங்க. ஊர்ப் பொதுக்கூட்டத்தில் பட்டியலைச் சத்தமா வாசிச்சாங்க. செத்தவர் பேர்ல கூலி, வராதவர் பேர்ல கூலின்னு குட்டு உடைஞ்சது. அந்தக் குரல்தான் வளர்ந்து 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாச்சு. மாநில அளவுல முதல்ல இப்படி ஒரு சட்டம் போட்டது 1997-ல் தமிழ்நாடுங்கிறது கூடுதல் தகவல். ஓட்டைகள் நிறைய இருந்த சட்டம்தான், ஆனாலும் முதல்.

இப்போ அந்தக் கண்ணாடிக்கே திரை விழுது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நம்ம டேட்டாவுக்குப் பாதுகாப்புன்னு வந்த அந்தச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு வரியை மாத்திடுச்சு. தனிப்பட்ட தகவல்னா தர வேண்டியதில்லைன்னு சொல்லி, அந்தப் பிரிவிலேயே இருந்த பொதுநலன் விதிவிலக்கை எடுத்துட்டாங்க. வேறொரு பிரிவுல பொதுநலனுக்கு இடம் இருக்குன்னு அரசு சொல்லுது. ஆனா கூலிப் பட்டியல்ல இருக்கிற பேர் தனிப்பட்ட தகவலா, பொதுத் தகவலா? அதைத் தீர்மானிக்கப் போறது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற அதிகாரி.

ஆக, பதிவே இருக்கக் கூடாதுன்னு இல்லை. பேரே பதிவில் இல்லாத உப்பளத் தொழிலாளிக்கு நிவாரணமும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. அந்தப் பதிவை அவங்களால பார்க்க முடியுமா, தப்புன்னா தட்டிக் கேட்க முடியுமாங்கிறதுதான் கேள்வி. 1871 சட்டத்துல கோர்ட் கேட்கக் கூடாதுன்னு எழுதி வெச்சாங்க. இன்னிக்கு யாரும் அப்படி எழுதறதில்லை. 'பொருந்தவில்லை'ன்னு ஸ்கிரீன்ல வந்து, அதுக்குக் கீழே வேற எந்த பட்டனும் இல்லாம இருந்தா ரெண்டும் ஒண்ணுதான்.

அந்த பட்டனை வைக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறது யாரு? கேம்பஸ் இன்டர்வியூ முடிச்சு, ஏதோ ஒரு டெக் பார்க்ல நாலாவது மாடியில உட்கார்ந்து கோடு அடிக்கப் போற நாமதான். ஸ்பெக் டாக்குமென்ட்ல அந்த வரி இல்லைன்னா கையைத் தூக்கி ஒரு கேள்வி கேளுங்க. "விரல் பதியலைன்னா அந்த அக்கா அரிசிக்கு எங்கே போவாங்க சார்?" மீட்டிங் அஞ்சு நிமிஷம் லேட்டாகும். ஆகட்டுமே. அவங்க வாரின உப்பைத்தான் நாம தின்னுக்கிட்டு இருக்கோம்.